வெறும் கேபினட்டில் வீசிய காற்று

கோவில்பட்டிக்குத் தெற்கே, தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற வீடுகளும் கட்டட வேலைக்குப் போகிற வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் புளியடித் தெருவில், சித்திரை பத்தாம் தேதி காலை நல்ல நேரம் பார்த்து, சித்தாள் தங்கபுஷ்பம் தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் கேபினட்டுக்கு நிலை வைத்தாள். கேபினட் என்றால் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் இரும்புப் பெட்டி, முகத்தில் ஜல்லடையும் ஒரு பக்கம் கண்ணாடியும் உள்ளது. வீடு கட்டும்போது வாசல் நிலைக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் அவள் அதற்குச் செய்தாள். மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து அடியில் வைத்தாள், மூலைக்கு மூலை மஞ்சள் குங்குமம் இட்டாள், ரசமட்டத்தை மேலே வைத்துக் குமிழி நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் ஒரு பக்கம் அட்டை கொடுத்தாள், கடைசியில் ஒரு கரண்டி பால் தெளித்து, கும்பிட்டு, பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் மதினிக்கும் மற்றவர்களுக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தாள். அவள் புருசன் கொத்தனார் அய்யாத்துரை இதையெல்லாம் கத்தாரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டே, "கிழக்க பாத்துத்தான வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டான்.

கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். என்ன கேம் ஆடப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்து, அதற்கு எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த பிராசஸர் என்று பார்த்து, அதற்கேற்ற மதர்போர்டு வாங்கி, எல்லாம் சேர்ந்த பிறகு அவை அடங்குகிற மாதிரி கேபினட் வாங்குவதுதான் உலகத்தில் எல்லோரும் செய்வது. ஆனால் கட்டட வேலை செய்கிறவர்களிடம் போய் நிலையைக் கடைசியில் வை என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நிலை வைத்த பிறகுதான் சுவரே எழும்பும். தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்த வரிசை அதுதான்.

அவளுக்கு எதற்குக் கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் என்று தெருவே கேட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளும் அய்யாத்துரையும் கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வருஷம் ஒரே சாரத்தில் வேலை பார்த்தவர்கள். அவன் வைப்பான், அவள் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுப்பாள். அவன் கை நீட்டும் முன்பே கல் கையில் இருக்கும், அவ்வளவு பழக்கம். நாற்பது வீடு கட்டினார்கள், நாற்பதும் பிறத்தியார் வீடு, தங்களுக்கென்று ஒன்றும் இல்லை, இருப்பது இந்த ஆஸ்பெஸ்டாஸ் வாடகை வீடு. அவன் கத்தாருக்குப் போய் மூன்று வருஷமாகிறது. தினமும் போனில் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீகளா என்று கேட்டு முடித்தால் அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது. அவர்கள் பேசிப் பழகியவர்கள் இல்லை, வேலை செய்து பழகியவர்கள். கையில் வேலையில்லாமல் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுபோல இருந்தது, பல நாள் போனை வைத்துவிட்டு அழுதிருக்கிறாள்.

அப்போதுதான் அவன் அறையில் கூடத் தங்கியிருந்த மலையாளத்துக்காரர் வர்கீஸ் தன் கம்ப்யூட்டரில் ஒரு கேமைக் காட்டியிருக்கிறார். மலையும் காடும் ஆறும் உள்ள ஓர் ஊர், அதில் யார் வேண்டுமானாலும் கல் எடுத்து வீடு கட்டலாம், இரண்டு பேர் இரண்டு தேசத்தில் இருந்துகொண்டு ஒரே சுவரைக் கட்டலாம். அய்யாத்துரை அன்று போனில் ஒன்றரை மணி நேரம் பேசினான். வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்கு மட்டும் வர்கீஸ் சேட்டன் கம்ப்யூட்டரைத் தருவார். ஆனால் ஜூன் ஒன்றாம் தேதி அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார், கம்ப்யூட்டரும் கூடவே போகிறது. அதற்குள் இங்கே ஒன்று வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தங்கபுஷ்பம் அடுத்த நாளே பஸ் ஏறிப் போய்க் கேபினட்டோடு திரும்பினாள்.

நிலை வைத்த மறுநாள் மத்தியானம், தெருவே வெந்துகொண்டிருந்த நேரத்தில், கேபினட்டிலிருந்து காற்று வந்தது.

வயர் கிடையாது, ஃபேன் கிடையாது, உள்ளே ஒரு ஆணிகூடக் கிடையாது, ஆனாலும் ஜல்லடை வழியாகக் குளிர்ந்த காற்று சீராக வந்து, முன்னறையைக் கடந்து, வாசலைத் தாண்டி, எதிர்வீட்டுக் கொடியில் கிடந்த பாவாடையை ஆட்டியது. புதுச் சுவருக்குத் தண்ணீர் விட்டால் சாயங்காலத்தில் ஒரு வாசனை வருமே, அந்த வாசனை அதில் இருந்தது. தங்கபுஷ்பம் பின்பக்கம் குனிந்து பார்த்தாள், அங்கே சுவர்தான் இருந்தது. சரி, நல்ல நேரத்தில் வைத்த நிலை, காத்தோட்டமா அமைஞ்சிருக்கு என்று நினைத்துக்கொண்டு கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

முதலில் வந்தது வெள்ளைத்தாய். அவளுக்குத் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. ஒட்டிய லேபிள் காய்வதற்கு வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும், நிழலில் போட்டால் நாளாகும். இந்தக் காற்றில் வைத்ததோ பத்து நிமிஷத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது. அவள் பாயையும் பசைச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள், மறுநாள் அவள் நாத்தனார் வந்தாள், அதற்கு மறுநாள் தொட்டிலோடு ஒருத்தி வந்தாள், நான்கு நாளில் முன்னறை நிறைந்து கூட்டம் வாசல் வரைக்கும் இறங்கிவிட்டது. தபால்காரர் மத்தியானச் சாப்பாட்டை இங்கேதான் சாப்பிட்டார். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு வலது பக்கம், கைக்குழந்தைக்காரிகளுக்கு இடது பக்கம், குறட்டை விடுகிறவர்களுக்கு வாசற்படிக்கு வெளியே என்று தானாகவே ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. திருட்டுக் கரண்டாக இருக்குமோ என்று யாரோ சொல்லிவிட, மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, கம்பியே இல்லாததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்று சொல்லிவிட்டு, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். யாரும் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. கத்திரி பிறக்கப்போகிற சமயத்தில் காற்று வந்தால் அதனிடம் ஊர் பேர் விசாரிக்கவா முடியும்.

இதற்கு நடுவில்தான் சாமான்கள் தேர்வு. கம்ப்யூட்டர் கடைக்காரர் அபுதாகிர் பாய் பொறுமையான மனுஷர், ஏற்கெனவே கேபினட்டை வாங்கிவிட்டு வந்து நின்றவளைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. "பரவால்லக்கா, பெட்டிக்கு அடங்குற மாதிரி பாப்போம். நானே கொண்டாந்து வச்சுப் பாத்துச் சொல்லுதேன்" என்றார். ஸ்கூட்டரின் முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்தவர், முன்னறையில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏதாவது விசேஷ வீடோ என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

அவர் முதலில் ஒரு பெரிய மதர்போர்டை எடுத்துக் கேபினட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காற்று சட்டென்று நின்றது. தொட்டிலில் கிடந்த பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது, வெள்ளைத்தாய் பசைக் கையோடு எழுந்து நின்றாள். பாய் டேப்பை எடுத்து அளந்துவிட்டு, "ஆமா, இது ஒரு விரக்கடை கூடத்தான்" என்று அதை உறையில் போட்டதும் காற்று மறுபடி வந்தது. அடுத்து சின்ன போர்டை எடுத்தார், காற்று நிற்கவில்லை. அதையே வைத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாத் தேர்வும் அப்படித்தான் நடந்தது. பிராசஸருக்கு இரண்டு வகை காட்டினார், இரண்டுக்கும் காற்று ஒன்றும் சொல்லவில்லை, அதனால் தங்கபுஷ்பமே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். "சூடு கம்மியா இருக்கறது எது பாய்?" என்று கேட்டு அவள் அதை எடுத்தாள். ரேம் வாங்கும்போது தெருவுக்குள் பெரிய விவாதம். பதினாறு ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டால் ஒரு இடம் மிச்சமாகுமே என்று தபால்காரர் சொன்னார், எட்டு எட்டாக ஜோடி போட்டால்தான் வேகம் என்று பாய் சொன்னார், ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று பெட்டி ஒட்டுகிறவர்கள் எல்லோரும் பாய் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மேலே கொண்டைபோல உயரமாக, கலர் விளக்கு வைத்து வந்த ரேமுக்குக் காற்று நின்றது, மொட்டையான ரேமுக்கு வந்தது. கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. பாய் நடுத்தரமாக ஒன்றை எடுத்து வைக்க, "அஸ்திவாரத்துல கை வைக்கக் கூடாது. இருக்கறதுல நல்லதா குடுங்க" என்றாள். அவர் அதை ரசித்துத் தலையாட்டினார். இரண்டு வாரத்தில் தெருவில் எல்லோருக்கும் எல்லா சாமானும் பேரோடு தெரிந்துவிட்டது.

ஒவ்வொன்றாகப் பூட்டப் பூட்டக் காற்று குறையவில்லை. மிச்சம் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான். அது இருந்தால்தான் மலையும் ஆறும் திரையில் ஓடும். பாய் முதலில் கொண்டுவந்த கார்டு மூன்று ஃபேன் வைத்து ஒரு முழ நீளத்துக்கு இருந்தது, காற்று அதைப் பார்த்த மாத்திரத்தில் நின்றது. இரண்டாவதற்கும் நின்றது. மூன்றாவதாக, மூடிப்போன ஒரு கேம் சென்டரிலிருந்து வாங்கியதென்று, ஒரே ஃபேன் உள்ள சின்னதாக ஒரு பழைய கார்டைப் பழந்துணியில் சுற்றி எடுத்துவந்தார். வைகாசி பிறப்பதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை அது.

அதைக் கிட்டே கொண்டுபோனதும் காற்று நிற்கவில்லை, திரும்பியது. இத்தனை நாள் வெளியே வந்த காற்று உள்ளே போக ஆரம்பித்தது. தரையில் கிடந்த லேபிள்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போய் ஜல்லடையில் ஒட்டிக்கொண்டன, உட்கார்ந்திருந்த பெண்களின் முந்தானைகளெல்லாம் கேபினட்டைப் பார்த்து ஆடின. பாய் பயந்து கார்டைப் பின்னால் இழுத்தார், காற்று பழையபடி வெளியே வந்தது.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கார்டு பொருத்தம்தான், அதைப் பூட்டினால் காற்று கிளம்பிவிடும்.

"கத்திரி முடியட்டும்" என்றார் தபால்காரர். "இன்னும் ரெண்டே வாரம். அதுக்கப்பறம் பூட்டிக்கிடலாம்."

"நம்மல்லாம் சேந்து வேற பெட்டி ஒண்ணு வாங்கித் தந்துருவோம், அதுல பூட்டிக்க" என்றாள் தொட்டில்காரி.

தங்கபுஷ்பம் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நிலை வச்சாச்சு. வச்ச நிலையைப் பேத்துட்டு வேற வைக்க மாட்டேன். அவருக்கும் பிடிக்காது."

"அப்ப ரெண்டு வாரம் பொறு" என்றாள் வெள்ளைத்தாய். "புஷ்பம், நான் சும்மா சொல்லல. இந்தக் காத்து வந்தப்பறந்தான் நான் ஒரு நாளைக்கு ரெண்டு நாள் வேலையைப் பாக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இடுப்ப நிமித்திட்டு உக்காந்து டீ குடிக்கேன். எனக்குக் கல்யாணமானதுலருந்து அப்படிக் குடிச்சதில்ல."

அது உண்மை என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். தன்னால் அந்த டீ நின்றுபோகும் என்பதும் தெரியும். "மதினி, வர்கீஸ் சேட்டன் ஒண்ணாந்தேதி போயிருவாரு. நாளைக்கு ஒரு வெள்ளி, அடுத்த வெள்ளி, அதுக்கடுத்த வெள்ளி, மூணுதான் இருக்கு. கத்திரி முடியட்டும்னா எனக்கு ஒண்ணுதான் கெடைக்கும். ஒரு நாள்ல என்ன வீடு கட்ட முடியும்? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. வேண்டாம்னா நான் பூட்டல" என்றாள்.

வெள்ளைத்தாய் பசைச் சட்டியை மூடினாள், பாயைச் சுருட்டினாள், கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், வாசல் வரைக்கும் போகவும் செய்தாள். அங்கே நின்று திரும்பாமலே, "பெட்டி இன்னைக்குக் காயலேன்னா நாளைக்குக் காயும்" என்றாள். "மூணு வருசமா இந்தப் புள்ள சுவத்தைப் பாத்து அழுதது எனக்குத்தான் கேட்டுச்சு, ஒங்களுக்கெல்லாம் கேக்கல. பூட்டுங்க பாய்."

பாய் பூட்டினார். காற்று ஒரு பெருமூச்சு நீளத்துக்கு உள்ளே போயிற்று, லேபிள்கள் ஜல்லடையிலிருந்து உதிர்ந்து விழுந்தன, அப்புறம் ஒன்றுமில்லை. கூரைக்கு மேலிருந்த வெயில் அப்படியே அறைக்குள் இறங்கியது. எல்லோரும் அவரவர் தொட்டிலையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள், யாரும் திட்டவில்லை, ஆனால் யாரும் போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பாய் மட்டும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மிச்ச வயர்களைச் செருகிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் ஒரு அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

கால் மணி நேரம் கழிந்திருக்கும், போன் வந்தது. அய்யாத்துரை.

"புஷ்பம், அங்க என்ன செஞ்சீக? நம்ம ரூம்ல ஏசி ரிப்பேராகி ரெண்டு மாசமாச்சுன்னு சொன்னேன்ல. இப்ப வர்கீஸ் சேட்டன் கம்ப்யூட்டர்லருந்து காத்து வருது. ஆஃப் பண்ணித்தான் இருக்கு, ஆனா வருது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்த பன்னெண்டு பேரும் அப்படியே உக்காந்திருக்கோம். ஒரு பய பேசல. புதுச் சுவத்துக்குத் தண்ணி விட்ட வாசம் அடிக்குதுங்காரு நம்ம தென்காசிக்காரரு."

அவள் போனை வைத்துவிட்டு நேரே வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். வெள்ளைத்தாய் விசிறிக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. போன காற்று எங்கேயோ போய்விடவில்லை, நம் ஆள்கள் இருக்கிற இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்பதில் தெருவுக்கு ஒரு நிறைவு வந்தது, ஊறுகாய் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் வருமே அந்த மாதிரி. தொட்டில்காரி தன் தம்பி துபாயில் எட்டாவது மாடியில் இருக்கிறான், அந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பிவிட முடியுமா என்று கேட்டாள். தபால்காரர், கடல் தாண்டிப் போனதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டு, கால் மணி நேரம்தான் என்றதும் வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார். அன்றைக்கு வெள்ளைத்தாய் ஐந்து மணிக்கு வேலை முடியாமலே எழுந்து, இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து, வியர்க்க வியர்க்கத் தங்கபுஷ்பத்தோடு உட்கார்ந்து குடித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் ஓடியது. பாதித் தெரு முன்னறையில் இருந்தது, எல்லோர் கையிலும் விசிறியோ அட்டையோ முறமோ ஆடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு மேடு, மேட்டுக்குக் கீழே ஆறு, மேட்டின் மேல் இரண்டு பேர் நின்றார்கள், நீலச் சட்டை அவன், மஞ்சள் சட்டை அவள். எந்தச் சாவியை அழுத்தினால் நடக்கும், எதை அழுத்தினால் கல் வைக்கும் என்று பாய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். காதில் மாட்டிய கருவியை அவள் கழற்றிவிட்டாள், அவன் குரல் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. சமையல்கட்டு தென்கிழக்கில் வர வேண்டும் என்று இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

பழக்கம் விடுமா, மஞ்சள் சட்டைக்காரி நேரே ஆற்றங்கரைக்கு இறங்கிக் கல்லை எடுத்துவந்து நீலச் சட்டைக்காரன் காலடியில் போட்டாள். மறுபடி இறங்கி இன்னொன்று எடுத்துவந்தாள். அவன் எடுக்கவில்லை, நின்றான்.

"என்ன, வைங்க" என்றாள்.

"நீ வை" என்றான் அய்யாத்துரை.

"நான் என்னைக்கு வச்சேன்?"

"பதினோரு வருசம் எம் பக்கத்துல நின்னு பாத்துருக்க. எங்கன கோணும், எங்கன நிக்கும்னு எனக்கு முந்தி ஒனக்குத் தெரியும், நான்தான் ஒரு நாளும் கரண்டியக் கையில தரல. இது நம்ம வீடு. நீ வை. நான் எடுத்துத் தாரேன்."

விசிறிகள் நின்றன. முன்னறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் சித்தாள் வேலை பார்த்தவர்கள், தலையில் சும்மாடு ஏறி முடி தேய்ந்தவர்கள், ஒருத்தியும் சுவரில் ஒரு கல் வைத்ததில்லை. தங்கபுஷ்பம் தாளைப் பார்த்தாள், விரலைச் சாவியின் மேல் வைத்தாள், முதல் கல்லை வைத்தாள். அது நேராக உட்கார்ந்தது. பக்கத்தில் இரண்டாவதை வைத்தாள். அப்புறம் அவள் தாளைப் பார்க்கவில்லை. நீலச் சட்டை ஆற்றுக்கு இறங்குவதும் மேட்டுக்கு ஏறுவதுமாக இருந்தது, முதல் வரிசை முடிந்தது, மூலை திரும்பியது, இரண்டாம் வரிசை ஏறியது, அவள் கை நீட்டிய இடத்தில் கல் இல்லை.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பது வீட்டுச் சாரத்திலும் கொத்தனார்கள் கேட்ட அதே சத்தத்தில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கேட்டாள்:

"கல்லு எங்க?"

"வந்துட்டேன் கொத்தனாரே" என்று சொல்லிக்கொண்டே, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கல்லைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடி வந்தான் அய்யாத்துரை.